இரண்டாகப் பிரிந்த வெளிச்சமும் என் மைத்துனரும்

என் மனைவியின் ஒரே தம்பியும், கேட்காமலே யோசனை சொல்வதில் ஈடு இணையற்றவருமான மைத்துனர் அவர்களுக்கு,

உம் அக்காள் புருஷன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீர் சுகமாகத்தான் இருப்பீர். உம்மிடம் வந்து மாட்டிக்கொள்ள எந்த வியாதிக்கும் தைரியம் வராது.

உம் கடிதம் வந்தது. “ஒரு படம் எடுக்க ரெண்டு வருஷமா? என் போன்ல தட்டினா ஒரு நொடியில விழுதே” என்று கேட்டிருந்தீர். எனக்கு மட்டும் எழுதியிருந்தால் போகிறது என்று விட்டிருப்பேன். சொந்தபந்தம் முழுக்க ஊதிவிட்டீர். பெரியம்மா மகன் போன் செய்து, “உங்க பொண்ணு போட்டோ ஸ்டூடியோவுல இருக்காமே, பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் குடுப்பாளா?” என்று உம் அக்காளைக் கேட்கிறான். அன்றிலிருந்து அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தம்பி செய்த காரியத்துக்குப் புருஷன் மேல் கோபித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சாப்பாடு கிடைக்காது. ஆகவே உமக்கு எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிவிடுவது என்று தீர்மானித்து, உம் மருமகள், அதாவது என் மகள், வேலை பார்க்கும் அதே அறையில், அவளுடைய லேசர் எரிந்துகொண்டிருக்கும்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எப்படி இங்கே வந்தேன் என்று கேட்பீர். லேசர் எரியும்போது அறையை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது இங்கே சட்டம். கூட வேலை பார்க்கும் பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். உம் மருமகளோ வெளியே லிஃப்ட் வாசலில் நிற்கிறாள். இந்த அறை கட்டடத்தின் அடித்தளத்தில், லிஃப்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. லிஃப்ட் ஏறி இறங்கினால் படம் கெட்டுவிடுமாம். அதனால் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, “படியில போங்க சார், உடம்புக்கு நல்லது” என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். தொப்பை உள்ள ஒருவர் அதைத் தன்னைக் குத்திக்காட்டியதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தது இங்கே வரை கேட்டது. இப்படி ஆளுக்குப் பஞ்சமாகி, பார்சல் ஆபீஸில் காலமெல்லாம் ரசீது எழுதி ஓய்வு பெற்ற நான் விஞ்ஞானத்துக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் அதிலுள்ள ரத்த அணுவின் ஓரம்தான் தெரியுமாம். வெளிச்சம் பாட்டுக்கு உள்ளே நுழைந்து வெளியே போய்விடும். எங்கே தடிமன், எங்கே பள்ளம் என்று ஒன்றும் சொல்லாது. அதனால் இவள் லேசர் வெளிச்சத்தைச் சர்க்கரைக் கட்டி அளவுள்ள ஒரு கண்ணாடிக் கட்டியில் விட்டு இரண்டாகப் பிரிக்கிறாள். பாதி நேரே போகும், பாதி பக்கவாட்டில் திரும்பும். ஒன்றை ரத்தத்தின் வழியாக அனுப்புகிறாள். மற்றதை ஒன்றுமே இல்லாத வழியில் அனுப்புகிறாள். கடைசியில் இரண்டையும் ஒரு கேமராவின் மேல் கொஞ்சம் சாய்வாகச் சந்திக்க வைக்கிறாள். சந்தித்த இடத்தில் சட்டைத் துணி மாதிரி கோடு கோடாக விழும். ரத்த அணு இருக்கும் இடத்தில் கோடு வளையும். எவ்வளவு வளைந்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டால் அணுவின் மேடு பள்ளமெல்லாம் வந்துவிடும். அந்தக் கோட்டுப் படத்துக்குத்தான் ஹோலோகிராம் என்று பெயர்.

உமக்குப் புரியும்படியே சொல்கிறேன். இரட்டைப் பிள்ளைகள் இருவரை ஒரே நேரத்தில் கடைக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளும். ஒருவன் காலித் தெருவில் போகிறான். இன்னொருவன் உம் வீட்டு வழியாகப் போகிறான். நீர் அவனை வாசலிலேயே பிடித்து நிறுத்தி உலக விவகாரம் பேசாமல் விடமாட்டீர். அவன் தாமதமாகத்தான் கடைக்கு வந்து சேருவான். முதல் பையனோடு ஒப்பிட்டு இவன் எவ்வளவு தாமதம் என்று பார்த்தால் போதும், உம் மூஞ்சியைப் பார்க்காமலே உம் பேச்சின் நீளத்தைச் சொல்லிவிடலாம். இந்த உதாரணத்தைப் பெருமையோடு உம் மருமகளிடம் சொன்னேன். “சரிதான்ப்பா. ஆனா ரத்த அணு சீக்கிரம் விட்டுடும்” என்றாள்.

அந்த ரத்தம் என்னுடையது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். காலையில் விரலில் குத்தி எடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஆள் சும்மா எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு இந்த அறையின் மேல் ஒரு கண். நாளைக் காலை மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வருகிறது. ரத்த அணு மருந்து நீரில் மெல்ல மெல்ல வீங்குவதை, கால் மணி நேரம் சேர்ந்தாற்போல், நடுவில் ஓர் ஆட்டமும் இல்லாமல் இன்றே படமாக எடுத்து வைத்து அவர்களுக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அறையும் லேசரும் அந்த எட்டிப் பார்த்தவருக்குப் போய்விடும், உம் மருமகளின் இரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போய்விடும். நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “நாளைக்கும் ஆடிடுச்சுன்னா எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருக்கேன்ப்பா” என்றாள். பரீட்சையில் தோற்ற அன்றுகூட அவள் அந்தக் குரலில் பேசியதில்லை.

ஆட்டம் என்றால் நீர் நினைக்கிற ஆட்டம் இல்லை. இரண்டு வெளிச்சமும் வருகிற வழியில் ஒரு கண்ணாடி மயிரிழையில் மயிரிழை அசைந்தாலும் கோடுகள் கூத்தாட ஆரம்பித்துவிடும். முந்தாநாள் நான் முதல்முதலாக வந்தபோது ஒரு தும்மல் போட்டேன். திரையில் கோடெல்லாம் பயந்த ஆட்டுமந்தை மாதிரி சிதறிவிட்டது. “அப்பா, நீங்க மூச்சு விடுங்க, வேண்டாம்னு சொல்லல. கொஞ்சம் பாத்து விடுங்க” என்றாள். சரி, தும்மலுக்குப் பரிகாரமாக ஏதாவது உதவி செய்வோமே என்று பார்த்தால், அந்தக் கண்ணாடிக் கட்டியின் மேல் ஒரு தூசு. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கைக்குட்டையை நாக்கில் தொட்டு நன்றாகத் துடைத்து, அழுத்தி, பளபளவென்று வைத்தேன். மூக்குக்கண்ணாடியை அப்படித்தானே துடைக்கிறோம்? கட்டி ஓர் அரிசியளவு திரும்பிவிட்டதாம். ரத்தத்துக்குப் போக வேண்டிய வெளிச்சம் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மறுபடி நேராக்க அவளுக்கு அன்றைய பொழுது முழுக்கப் போயிற்று. கைக்குட்டையை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பாவத்தைக் கழுவ நேற்று மாடிக்குப் போனேன். இந்த அறைக்கு நேர் மேலே கணக்குப் பிரிவு இருக்கிறது. அங்கே நாற்காலியைத் தூக்கி வைக்கும் வழக்கமே கிடையாது, இழுப்பார்கள். வீட்டிலிருந்த பழைய சாக்ஸையெல்லாம் உம் அக்காளிடம் சொல்லி மூட்டை கட்டி வாங்கிக்கொண்டு போய், நாற்காலிக் கால் ஒவ்வொன்றுக்கும் நானே குனிந்து மாட்டிவிட்டேன். பிரிவுத் தலைவர் நல்ல மனுஷன், முதலில் சிரித்தார். செருப்பைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். ஸ்டாம்ப் அடிக்கும்போது கீழே ஒரு துண்டை மடித்துப் போடச் சொன்னேன், போட்டார். சத்தமாகச் சிரிக்க வேண்டாம் என்றபோதுதான், “பெரியவரே, சம்பளம் வாங்குற எடத்துல சிரிக்கிறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போங்க” என்றார். ஆக மேல்மாடி அடங்கியது, லிஃப்ட் அடங்கியது. மிச்சம் நான் ஒருவன்தான். நான் இன்று கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறேன்.

கேமராவில் பதிவை ஓடவிட்டு, “எதையும் தொடாதீங்க, இந்த நாற்காலியிலேயே இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் நாற்காலியில்தான் இருக்கிறேன். மடியில் வைத்து எழுதினால் எழுத்து கோணல் மாணலாக வருகிறதென்று நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, அவளுடைய பெரிய மேசையின் ஓரத்தில் காகிதத்தை வைத்துக்கொண்டேன். கருவிகளின் மேல் கருப்புப் பெட்டி போட்டு மூடியிருக்கிறது, அதன் பக்கமே நான் போகவில்லை. மேசை என்றால் இதல்லவா மேசை! முழுக்க இரும்பு. கால்களுக்குள் காற்றடித்து வைத்திருக்கிறார்களாம். தரையில் யானை நடந்தாலும் மேசைக்குத் தெரியாது என்று உம் மருமகளே சொல்லியிருக்கிறாள். யானைக்கே அசையாதது பேனாவுக்கா அசையப்போகிறது? மூன்று கார்பன் காகிதம் தாண்டி ரசீது எழுதிய கை என்னுடையது, அழுத்தாமல் எழுத வராது. நான் முற்றுப்புள்ளி வைத்தால் எங்கள் ஆபீஸில் தண்ணீர்க் குவளை நகரும். இங்கே எவ்வளவு அழுத்தியும் இம்மி ஆடவில்லை. தைரியமாக எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது உம் அக்காளின் பொறுப்பு. அதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். “என் தம்பியைத் திட்டுறதெல்லாம் திட்டுங்க. ஆனா அவன்கிட்ட இருக்கிற நல்ல குணம் ஒண்ணே ஒண்ணாவது எழுதணும். இல்லேன்னா நான் தபால் பெட்டியில போட மாட்டேன்” என்றாள். நியாயமான நிபந்தனைதான். இதோ பேனாவை மூடி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு யோசிக்கிறேன்.

யோசித்தேன். என் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாக யோசித்தேன். நாங்கள் வீடு மாற்றியபோது சாமான் தூக்க வந்து, தூக்க வேண்டிய சோபாவிலேயே உட்கார்ந்திருந்தீர். என் குடையை இரவல் வாங்கிக்கொண்டு போய்க் கைப்பிடியை மட்டும் திருப்பிக் கொடுத்தீர். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்து, பக்கத்துக் கட்டில்காரரோடு சீட்டு விளையாடிவிட்டுப் போனீர். கண்ணை மூடிக்கொண்டும் யோசித்துப் பார்த்தேன். கொண்டுவந்த டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. ஒன்றும் அகப்படவில்லை. உமக்கு நல்ல அக்காள் இருக்கிறாள் என்று மட்டும் எழுதி முடித்துக்கொள்கிறேன். அதற்கு மேல் இந்த ஏழையால் ஆகாது.

இனியாவது உம் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் முன் நாக்கைக் கடித்துக்கொள்ளும். வெளிச்சம்கூட இரண்டு வழியில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஒரு முடிவு சொல்கிறது. உம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். அவர்கள் உம்மைச் சகித்துக்கொண்டு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அசையாமல் உட்கார்ந்திருக்கும்
உம் அக்காள் புருஷன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உம் மருமகள் உள்ளே வந்தாள். பதிவானதைத் திரையில் ஓடவிட்டாள். ஆரம்பத்திலிருந்தே கோடெல்லாம் தை தை என்று குதிக்கிறது. அதுவும் சும்மா இல்லை. கொஞ்சம் நடுங்குகிறது, பிறகு ஒரு பெரிய குதி. மறுபடி நடுக்கம், மறுபடி குதி. அவள் என்னைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். “எந்த மேசையிலப்பா வச்சு எழுதினீங்க?” என்றாள். “இந்த மேசையிலதாம்மா. யானைக்கே அசையாதுன்னு நீதானே சொன்னே?” என்றேன். “தரையில யானை நடந்தாதான்ப்பா அசையாது. மேசை மேலேயே யானை ஏறி உட்கார்ந்தா?” என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குதியெல்லாம் என் முற்றுப்புள்ளிகள். இரண்டு வருஷத்தையும் நானே பேனாவால் குத்திக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்போது திரையில் ஆட்டம் திடீரென்று நின்றது. கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நிற்கின்றன. நிற்கின்றன, நின்றுகொண்டே இருக்கின்றன. நடுவில் என் ரத்த அணு ஒன்று அழகாக, நிதானமாக வீங்குகிறது. கால் மணி நேரத்துக்கு மேலேயே இருந்தது. அவள் எழுந்து திரையருகே போய், “இந்த நேரத்துல என்னப்பா செஞ்சிட்டிருந்தீங்க?” என்றாள். “உங்க மாமாகிட்ட என்ன நல்ல குணம் இருக்குன்னு யோசிச்சிட்டிருந்தேன்மா” என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. உம்மிடம் சட்டென்று அகப்படுகிற மாதிரி ஒரே ஒரு நல்ல குணம் இருந்திருந்தாலும் நான் உடனே எழுதியிருப்பேன், என் மகள் அழிந்திருப்பாள். ஆகவே மேலே உம்மைப் பற்றி எழுதிய அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாளைக் குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கையில் நன்றிப் பக்கத்தில் உம் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறாள். இதையும் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லும்.