நாற்பது ஜி.பி. மாப்பிள்ளை

பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் புது நாற்பது ஜி.பி. டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுத்தாகிவிட்டது என்று திரை சொன்னது. ஆனால் அதை மாட்டி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடுதான் மினுக்கியது. டென்சில் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தான்.

இது காக்ஸ் டவுனில் மாமனார் வீடு. கல்யாணமாகி இரண்டாவது மாதம். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை என்று சொல்லித்தான் லீனாவைக் கட்டியிருந்தான். கம்பெனி சாப்ட்வேர் கம்பெனிதான்; இவன் பார்ப்பதோ ஊழியர்களுக்குக் கார் அனுப்பும் வேலை. மாமனார் தியோடர் சர்ச் முழுக்க 'கம்ப்யூட்டர் இன்ஜினியர் மாப்பிள்ளை' என்று பீற்றிக்கொண்டபோது வாயைத் திறக்காமல் இருந்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் சர்ச்சின் நூற்றாண்டு மலர் இருந்தது. மாமனார் ஒரு வருடமாக ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சேர்த்தது. நாளைக்கு அச்சுக்குப் போகவேண்டும். அதற்கு முன் பெரிய டிஸ்க்காக மாற்றித் தரச் சொல்லி அவரே மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருந்தார்.

"முதல்ல ஒருதரம் ஆன் பண்ணிப் பாத்துடட்டுமா மாமா?" என்று காலையிலேயே கேட்டான்.

"வேணாம் மாப்ளே, சூடாவுது. நேரா மாத்திடுங்க. உங்களுக்குத் தெரியாததா!"

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினான். அதிலும் அதே கோடு. எதிலிருந்து எதற்கு என்று கேட்ட இடத்தில் மாற்றிக் கொடுத்துத் தொலைத்திருக்கிறோம், காலி டிஸ்க்கை மலரின் மேலேயே நகல் எடுத்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

யாரும் பார்ப்பதற்குள் சி.டி.யிலிருந்து பழைய டிஸ்க்கில் விண்டோஸை ஏற்றினான். விண்டோஸ் பளபளவென்று வந்தது. மலர் வரவில்லை. மாமியார் பிரிஜெட் கட்லெட் கொண்டுவந்தார்.

"ஆயிடுச்சா மாப்ளே?"

"ஆவுது அத்தை." தட்டை வாங்கி ஓரமாக வைத்தான்.

வராந்தாவுக்குப் போய் ஆபீஸ் சிநேகிதன் சிவசங்கரனுக்குப் போன் போட்டான்.

"பயப்படாத குரு, அழிஞ்சதை எடுத்துடலாம். விண்டோஸ மட்டும் அது மேல திரும்பப் போட்டுடாத."

"போட்டாச்சி."

"ஐயோ. அப்ப மாமனார் கால்ல விழு."

வேறு வழி இல்லை. டென்சில் கூடத்தில் போய்த் தலையைக் குனிந்து நின்றான்.

"மலரு போயிடுச்சி மாமா. நான்தான் அழிச்சிட்டேன். நான் இன்ஜினியரே இல்ல. கார் அனுப்புறவன்."

மாமனார் கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டான். அவரோ அவன் தோளைத் தட்டினார்.

"போனா போவுது மாப்ளே. நீங்க வேணும்னா பண்ணீங்க? கமிட்டிக்கு நானே சொல்லிக்கிறேன்."

சொன்ன கையோடு ரிசீவரை எடுத்தார். "ஆமா, மலரு அழிஞ்சது நம்ம மாப்பிள்ளை கையாலதான். புது மாப்பிள்ளைய என்னன்னு கேக்கறது!"

இப்படி ஒரு பெரிய மனுஷனையா ஏமாற்றினோம் என்று டென்சிலுக்குக் கண் கலங்கியது.

கட்லெட் தட்டை எடுக்க வந்த பிரிஜெட் சட்டென்று போனை வாங்கி வைத்தார்.

"என்னாங்க, அந்தப் புள்ளையே உண்மைய ஒத்துக்கிச்சி, இடம் பத்தலன்னு போன வாரம் நீங்களே மலரோட சேத்து எல்லாத்தையும் அழிச்சிட்டு, பழிய மாப்பிள்ளை மேல போட்டா யாரும் திட்ட மாட்டாங்கன்னு அவரக் கூப்பிட்டதையும் சொல்லிடுங்க!"