பொறு ஆன்ட்டியும் பனியில் கருகிய ஆரஞ்சு மரமும்

பொறுமையைப் பற்றி இவ்வளவு கோபமாகப் பேசிய மனுஷி கலிஃபோர்னியாவிலேயே இன்னொருவர் இருந்திருக்க முடியாது. பிளசன்டனில் எங்கள் பக்கத்து வீடு. நாகர்கோவில்காரர், நர்ஸ். எதைச் சொன்னாலும் "பொறு!" என்று அதட்டித்தான் ஆரம்பிப்பார். அதனால் எல்லோருக்கும் பொறு ஆன்ட்டி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர், தொடர்ந்து உறைபனி. என் மகள் பிறந்த வருஷம் நட்ட ஆரஞ்சு மரம் வெந்த கீரையாகத் தொங்கியது. "இஸ் இட் டெட், அப்பா?" என்றாள். பார்க்கச் சகிக்காமல் ஜனவரியில் ரம்பத்தோடு இறங்கினேன். வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"பொறு! மூச்சு இருக்க பேஷன்ட்ட யாராவது புதைப்பாவளா?"

வந்தார். கட்டைவிரல் நகத்தால் கிளையைச் சுரண்டினார். பட்டைக்கு அடியில் பச்சை.

"எது செத்துது, எது பிழைச்சுதுன்னு வெயில் வந்த பொறவு மரமே சொல்லும். அதுவர கை வைக்கப்பிடாது!"

ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொன்று வாங்கினேன். அதுவும் போயிற்று. பிறகு, இலையில்லாத மரத்தை வெயில் சுட்டுவிடுமாம், அடிமரம் முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்தார். செத்த மரத்தை அகற்று என்று குடியிருப்போர் சங்கம் எனக்குக் கடிதம் போட்டது. கூட்டத்துக்கு அவரே போய் மேஜையைக் குத்தி, "யூ வெயிட்!" என்றார். கோடை வரை விட்டார்கள். மானம் போனது எனக்கு.

மார்ச்சில் அடிமரத்தில் துளிர்! மகளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆன்ட்டி வந்து அத்தனையையும் ஒடித்துப் போட்டார். மகள் அழுதாள்.

"போதும் ஆன்ட்டி! இது என் வீடு, என் மரம். வெளியே போங்க!"

"ஒட்டுப்போட்ட எடத்துக்குக் கீழ வந்தது ஆரஞ்சு இல்ல, வேர்மரத்து முள்ளு! விட்டா மேல உள்ளதையும் கொன்னுடும். மூளை இருக்கா ஒனக்கு?"

அவரும் கத்தினார். இரண்டு மாதம் பேச்சில்லை.

மே மாதம், ஒட்டுக்கு ஒரு சாண் மேலே அரிசி அளவு பச்சை. போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். மன்னிப்பு வாய்க்கு வரவில்லை. "வந்து பாருங்க" என்றேன். அவர் மண்டியிட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

அடுத்த வருஷம் டெக்சஸில் இருக்கும் காப்பெலுக்குக் குடிபோனார். தெருவே அமைதியானது. ஒரு வாரம் தாங்கினேன். அப்புறம் போன் போட்டேன்.

"என்னலே?"

"சும்மாதான் ஆன்ட்டி. ரெண்டு திட்டு திட்டுங்க."