நான் நன்றாகக் காது கொடுத்துக் கேட்பேன்

சைக்காலஜி படிக்க நாலைந்து வழி இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த கையோடு சேர்வது நேர்வழி. வேறு ஏதாவது டிகிரி வாங்கிவிட்டு எம்.எஸ்ஸி.யில் நுழைவது சுற்றுவழி. நான் நுழைந்த வழியை எந்தக் கல்லூரியும் விளம்பரத்தில் போடாது.

கிணத்துக்கடவில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் என் அப்பாவுக்கு அந்தப் படிப்பின் மேல் சந்தேகம். மாப்பிள்ளை வீட்டார் பயப்படுவார்கள் என்று பொள்ளாச்சியில் பி.காம். சேர்த்துவிட்டார். படித்துப்போட்டேன். (பாஸும் ஆனேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.) பிறகுதான், கோவையில் ஒரு கல்லூரியில் எந்த டிகிரி இருந்தாலும் எம்.எஸ்ஸி. சைக்காலஜிக்கு எடுக்கிறார்கள், நேர்முகத் தேர்வு மட்டும்தான் என்று தெரிந்தது. ஒரே ஒரு முறை போய்ப் பார்க்க அப்பா சம்மதித்தார். கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் மில்லில் கணக்கு எழுத வேண்டும்.

துறைத்தலைவர் மெல்லப் பேசும் அம்மா. ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். கண்ணாடி முன்னால் நின்று பழகிய பதிலைச் சொன்னேன்.

"நான் நல்லா காது குடுத்துக் கேப்பேனுங்க மேடம். குறுக்க பேசவே மாட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். அடுத்த கேள்வியை யோசித்திருக்கலாம். எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. பி.காம். பிடிக்கவில்லை என்று ஆரம்பித்தேன். பெரியப்பாவோடு இருந்த வரப்புத் தகராறைச் சொன்னேன். அத்தை மகள் நிச்சயத்துக்கு எனக்கு மட்டும் பட்டு எடுக்காததைச் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை.) கடைசியில், காலேஜ் போன காலமெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு திரும்பி, அப்பாவிடம் கண்ணில் தூசி என்று சொன்னதையும் சொல்லி, அங்கேயே அழுதேன். மேடம் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

அந்த அறைக்குப் பாதிக் கதவுதான். வெளியே அப்பாவும், நேர்முகத்துக்கு வந்த மற்றவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். காது கொடுத்துக் கேட்பதில் எல்லோருமே என்னைவிடத் தேர்ந்தவர்கள்.

மேடம் அப்பாவை உள்ளே அழைத்தார். அப்பா உட்காரவில்லை.

"ஏனுங்க மேடம், இதென்ன படிப்புங்களா, வைத்தியமுங்களா?"

இந்த வருஷம் சீட்டு இல்லை என்றார் மேடம். ஆனால் அவர்கள் துறையிலேயே கவுன்சலிங் நடக்கிறது, வியாழக்கிழமை என்னைக் கூட்டிவரலாம், மனம் விட்டுப் பேசட்டும், அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்யட்டும் என்றார். சீட்டு கேட்கப் போனவள் அப்பாயின்ட்மென்டோடு திரும்பினேன்.

திரும்பும் பஸ் ஒத்தக்கால்மண்டபத்தைத் தாண்டியது. அப்பா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"தூசின்னியே கண்ணு. நானும் சொட்டு மருந்தா வாங்கி ஊத்துனனே."

மில் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். (சித்தப்பா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.) வியாழக்கிழமைகளில் போய்ப் பேசினேன். அடுத்த வருஷ நேர்முகத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். சீட்டு கிடைத்தது. இப்போது கோவையில் கவுன்சலராக இருக்கிறேன்.

விசேஷ வீடுகளில் யாராவது என் படிப்பைப் பற்றி விசாரித்தால், நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொள்வார்.

"பாப்பா அந்தக் காலேஜுல மொதல்ல பேஷண்டாத்தான் சேந்துச்சுங்க. கொணமானதும் படிக்கறதுக்கு அங்கயே வெச்சுக்கிட்டாங்க."