டிரைவராக நடித்தவர்

“அந்தப் படத்துல டிரைவரே கிடையாதுடா தம்பி” என்று பிளாஸ்டர் அண்ணன் சொன்னபோது, மெழுகு என்பவன் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு கீழ்த்தாடைக்கு முன்பற்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பல் கை நழுவி மேசைக்கடியில் போய் விழுந்தது. நல்லவேளை, அதைத் தேடும் சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே குனிந்திருக்க முடிந்தது.

அது பல்செட் செய்கிற பட்டறை. டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே உட்கார்ந்து பல்லாக்குவார்கள். அந்த அளவில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி அச்சு வார்ப்பவர் பிளாஸ்டர் அண்ணன். மெழுகில் ஈறு செய்து பல் அடுக்குகிறவன் மெழுகு. பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுகிறவள் ஷேடு. கண்ணாடி அறைக்குள் இருப்பவர் முதலாளியம்மா. அவருக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது, அதாவது அவர் காதுபடக் கிடையாது. மற்றவர்களுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. பட்டறைக்குள் அதை யாரும் புழங்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தால் சினிமாதான். பிளாஸ்டர் அண்ணனுக்குப் படம் என்பது ஹீரோ நுழைகிற காட்சி, இடைவேளைச் சண்டை, காது கிழிகிற பின்னணி இசை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் கதை இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுமில்லை. முதலாளியம்மா நடிகர்களின் வாயைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார்.

“கடைசி சீன்ல அந்தப் பொண்ணு நல்லாத்தான் அழுதா. ஆனா மேல் வரிசை அத்தனையும் ஒரே வெள்ளை! எந்தப் பாவி கட்டிவிட்டானோ. எனக்கே அழுகை வந்துருச்சு” என்பார்.

மெழுகு பேசுவது வேறு ரகம். கல்யாண வீட்டுக் காட்சியில் ஓரமாக நாற்காலி தூக்கிப் போகிறவனைப் பற்றி ஒரு வாரம் பேசுவான். ஆஸ்பத்திரிக் காட்சியில் ஜன்னலைச் சாத்துகிற நர்சைப் பற்றி ஒரு வாரம். இந்த வாரம் வில்லனுடைய டிரைவர்.

“வில்லன் உள்ள போய் ஆள மிரட்டிட்டு இருக்கான். வெளியில மழை. டிரைவர் காருக்குள்ள உக்காந்து, கண்ணாடியில மூச்சு விட்டு விட்டு, விரலால ஒரு வீடு வரையறான். அப்ப வில்லனோட பொண்டாட்டி வந்து பின் சீட்டுல ஏறுறா. ‘கடலுக்குப் போகணும்’ங்கறா. ‘போறதுக்குத்தாம்மா பெட்ரோல் இருக்கு, திரும்பி வர்றதுக்கு இல்ல’ங்கறான். ‘அது போதும்’ங்கறா. அவ்வளவுதான் சீன். அந்த ஆளு முகத்தப் பாக்கணுமே அப்ப! ஹீரோ, வில்லன் எல்லாம் தூசு.”

ஷேடு கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். “அந்த நாய்?” என்றாள்.

நாயைப் பற்றிச் சொன்னதாக அவனுக்கு ஞாபகமில்லை. சொல்லியிருப்போம் என்று விட்டுவிட்டான். “அது முன் சீட்டுல தூங்குது” என்றான். அப்போதுதான் பிளாஸ்டர் அண்ணன், நேற்று அதே படத்தை வேறு தியேட்டரில் பார்த்துவிட்டு வந்தவர், அந்தக் குண்டைப் போட்டார். வில்லன் படம் முழுக்கத் தானேதான் கார் ஓட்டுகிறானாம். அவனுக்குப் பொண்டாட்டியும் கிடையாதாம்.

விஷயம் இதுதான். மெழுகு அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை. அவன் தனியாகக் குடியிருப்பது தகரக் கூரை போட்ட மாடி அறையில். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்குள் மனிதன் இருந்தால் வெந்துபோவான். தெரு முனையில் ஏசி தியேட்டர். டிக்கெட் எடுத்து உள்ளே போய், விளக்கு அணைந்ததோ இல்லையோ, ஆள் காலி. வாரம் முழுக்க அரவை மோட்டார் கிர்ரென்று அறுத்த காதுக்கு, சினிமாச் சண்டை தாலாட்டாக இருந்தது. திரையில் ஓடுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனவுக்குள் கசியும். மழை கேட்டால் மழை வரும். கார் கேட்டால் கார் வரும். காருக்கு ஒரு டிரைவர் வேண்டுமே, அவனும் வருவான். கடைசியில் விளக்குப் போட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவான். இரண்டரை மணி நேரம் வேறொரு ஊரில் குடியிருந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

இதை அவன் முதல் தடவையே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் முதல் தடவையே ஷேடு அவளுடைய தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, “அப்புறம்?” என்று கேட்டுத் தொலைத்தாள். அந்த “அப்புறம்” அவனை ஒரு வாரம் தூங்கவிடவில்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கலாக.

இன்னொன்றும் உண்டு. ஷேடு எல்லோரையும் அண்ணா என்பாள். பிளாஸ்டர் அண்ணா, கூரியர் அண்ணா, தண்ணீர் கேன் அண்ணா. மெழுகை மட்டும் இதுவரை அண்ணா என்றதில்லை. “இங்க பாருங்க” என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு நூலில்தான் அவன் உயிரே தொங்கிக்கொண்டிருந்தது. பொய் என்று தெரிந்துவிட்டால் அவள் திட்டக்கூட மாட்டாள். பரவாயில்லை அண்ணா என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

எனவே மேசைக்கடியிலிருந்து பல்லோடு வெளியே வந்தவன், “அண்ணே, நீங்க பாத்தது வெட்டின படம். எங்க தெரு தியேட்டர்ல மட்டும்தான் முழுசா ஓட்டறாங்க” என்று ஒரே போடாகப் போட்டான்.

“அப்படி வேற இருக்கா?”

“இருக்குண்ணே. நான் சொல்றேன்ல.”

கண்ணாடிக் கதவு திறந்தது. “முழுசா ஓட்டறாங்களா? அப்ப ஞாயித்துக்கிழமை எல்லாரும் போவோம். பெரிய ஆர்டர் ஒண்ணு முடிச்சுக் குடுத்திருக்கீங்க, டிக்கெட் என்னோடது” என்றார் முதலாளியம்மா. அவர் தன் கையால் எதையாவது வாங்கிக் கொடுப்பது அபூர்வம். அது இந்த நேரத்திலா வர வேண்டும்!

“எல்லாரும் எதுக்கு மேடம்? கூட்டமாப் போனா படம் பாத்த மாதிரியே இருக்காது” என்று ஷேடு அவசரமாகச் சொன்னாள். முகம் என்னவோ போலாகிவிட்டது அவளுக்கு.

மெழுகின் மனசு உடைந்தே போயிற்று. அவனோடு ஒரு தியேட்டரில் உட்காரக்கூட அவளுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் படம் பார்க்கப் போவதென்று முடிவாகிவிட்டது.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பிளாஸ்டர் அண்ணன் பிறந்ததிலிருந்து எங்கேயும் நேரத்துக்குப் போனவரில்லை. தன் கல்யாணத்துக்கே தாமதமாகப் போனவர் என்று அவருடைய மனைவி சொல்வாள். அவருக்காகக் காத்து நின்றால் எல்லோருக்கும் படத்தின் ஆரம்பம் தவறிவிடும். மெழுகு போய் முதலாளியம்மாவிடம், “மேடம், அந்த சீன் ஆரம்பத்துலயே வந்துரும். பேர் போடறதுக்கும் முன்னாடி. கொஞ்சம் லேட்டானாலும் போச்சு” என்றான்.

“அப்படியா? நல்ல வேளை சொன்னே. நானே கார எடுத்துட்டு வீடு வீடா வந்து ஏத்திக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போய் நின்றபோது தியேட்டர் கேட்டையே திறக்கவில்லை. பிளாஸ்டர் அண்ணன் சட்டைப் பொத்தானைக் காரில்தான் போட்டுக்கொண்டிருந்தார். முன்பாவது இடைவேளை வரைக்கும் மானம் தாங்கியிருக்கும். இப்போது பேர் போடுவதற்குள் கப்பலேறிவிடும்.

கடைசியாக ஒரே ஒரு வழிதான் மிச்சம். கண்ணை விழித்துப் படத்தைப் பார்ப்பது. முதல் காட்சியில் கார் என்று ஏதாவது வந்தால், “இதோ, இவன்தான்” என்று கை நீட்டிவிடுவது. அதற்காக அவன் பட்டறையிலிருந்து கிராம்பு எண்ணெய் கொண்டுவந்திருந்தான். அது பிளாஸ்டர் அண்ணனுடையது. ஊருக்கெல்லாம் பல் செய்துகொடுத்துவிட்டு, தன் பல்வலிக்கு டாக்டரிடம் போகப் பயந்து அவர் வைத்திருக்கிற எண்ணெய்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஷேடு அதற்குள், “கூட்டம் வருதுண்ணா, கவனிங்க” என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். கூட்டம் என்று எதுவும் வரவில்லை.

உட்கார்கிற வரிசையை முதலாளியம்மாதான் முடிவு செய்தார். மெழுகுக்கு வலப்பக்கம் பிளாஸ்டர் அண்ணன், இடப்பக்கம் ஷேடு, அவளுக்கு அந்தப்புறம் அவர். ஷேடு ஒரு தடவை பின் வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

மெழுகு எண்ணெயைத் தொட்டு இரண்டு கண்ணுக்கும் கீழே தடவிக்கொண்டான். அம்மாடி! நெருப்பை வைத்த மாதிரி எரிந்தது. தூக்கமாவது ஒன்றாவது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

“என்னடா இப்பவே அழற? அவ்வளவு நல்லா நடிச்சிருக்கானா?” என்றார் பிளாஸ்டர் அண்ணன்.

விளக்கு அணைந்தது. கண்ணை மூடினால் எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு நொடி மூடித் திறக்கலாம் என்று மூடினான்.

மழை விட்டிருந்தது. கார் கடலோரத்தில் நின்றது. பெட்ரோல் முள் தரையோடு படுத்துவிட்டது. முன் சீட்டில் நாய் தூக்கத்திலேயே வாலை ஆட்டிற்று. கடலில் அலை இல்லை. வெள்ளையாக, மாவு கரைத்து ஊற்றி இறுகக் காத்திருக்கிற மாதிரி அசையாமல் கிடந்தது. பின் சீட்டில் அவள் இருந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் பீங்கான் பொடி. வில்லன் வீட்டு அம்மாவுக்கு ஏன் கையில் பீங்கான் பொடி என்று கனவில் யாரும் கேட்கவில்லை.

“திரும்பிப் போக முடியாதுன்னு தெரிஞ்சுதானே கூட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டாள்.

“திரும்பிப் போனா நீங்க வீட்டுக்குள்ள போயிருவீங்க. நான் வெளியிலயே நிப்பேன். இங்க ரெண்டு பேருமே வெளியிலதான் இருக்கோம்” என்றான் டிரைவர்.

அப்புறம் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சொந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்தது. இத்தனை நாள் மழையில் நின்றவன் குடைக்குள் வந்து பேசுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டான். நாய் எழுந்து பார்த்தது. அவள் பின் கதவைத் திறந்து இறங்கி, முன் சீட்டுக்கு வந்து, நாயைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள்.

விளக்கு எரிந்தது.

மெழுகு திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். திரை வெறுமையாக இருந்தது. படம் முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று வலப்பக்கம் பார்த்தான். பிளாஸ்டர் அண்ணன் திரைக்கு முதுகைக் காட்டி, அவனைப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பாப்கார்ன் வாங்கினபடியே மடியில் இருந்தது. முதலாளியம்மா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷேடு உதட்டின் மேல் ஒரு விரல் வைத்திருந்தாள். அவன் பார்த்ததும் எடுத்துவிட்டாள்.

“தம்பி” என்றார் பிளாஸ்டர் அண்ணன். “நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்டா. அந்த டிரைவர்... என்ன நடிப்பு, என்ன நடிப்பு!”

“பல்ல நான் கவனிக்கவே இல்லப்பா” என்றார் முதலாளியம்மா. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு எந்த நடிகருக்கும் கிடைத்ததில்லை.

மெழுகுக்குத் தலை சுற்றியது. அப்படியானால் படத்தில் டிரைவர் இருக்கிறானா? கடலுக்குப் போனானா? பொய் மெய்யாகிவிட்டதே, பேசாமல் தலையாட்டிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பக்கத்தில் ஷேடுவின் கண் ஈரமாக இருந்தது. யாரோ ஒருத்தன் நடிப்புக்கு அவள் அழ, அந்தப் பெருமையைத் தான் வாங்கிக்கொள்வதா? அது அவனால் முடியவில்லை.

“இங்க பாருங்க” என்றான். “நான் உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். நீங்க என்ன வேணா நினைச்சுக்கங்க. அந்த டிரைவர நான் படத்துல பாக்கவே இல்ல. நாற்காலிக்காரன், நர்ஸ், ஒருத்தரையும் பாக்கல. நான் வாரா வாரம் இங்க வந்து தூங்கறேன். தூங்கி எழுந்து, கனவுல வந்ததத்தான் உங்ககிட்டச் சொல்றேன். இத்தனை நாளும் உங்கள ஏமாத்திட்டேன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இப்போது வரும் அந்த ‘அண்ணா’ என்று காத்திருந்தான்.

ஷேடுவும் தலையைக் குனிந்துகொண்டாள். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. பிளாஸ்டர் அண்ணன் இருமினார். முதலாளியம்மா வேண்டுமென்றே கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

அடுத்த காட்சிக்கு ஆட்களை வெளியேற்ற வந்த டிக்கெட் கிழிக்கிறவர், டார்ச்சும் கையுமாக அந்த வரிசைக்கு வந்து நின்று, ஷேடுவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“என்னம்மா, வாரா வாரம் சாருக்குப் பின் சீட்டுல உக்காந்து, அவர் தூக்கத்துல சொல்ற கதையக் கேட்டுட்டு, முழிக்கறதுக்குள்ள ஓடிப்போயிருவீங்க... இன்னைக்கு மாட்டிக்கிட்டீங்களா?”