மூக்கு யார் பக்கம்?

"இது எங்க அப்பா மூக்கு. அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றாள் அம்மா, தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்து.

"இல்ல அத்தை, எங்கம்மா மூக்கு" என்றாள் மனைவி.

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பல்லி இனங்களில் எது எதிலிருந்து கிளைத்தது என்று கணக்குப் போட்டு மரம் வரைவது அவன் வேலை. அதற்கென்று சொந்தமாக ஒரு முறையையே கண்டுபிடித்திருந்தான். நாளை ஆய்வேட்டைக் கொடுத்தால் முனைவர் பட்டம்.

"எதுக்குச் சண்டை? கம்ப்யூட்டர் சொல்லட்டும்" என்று இரண்டு குடும்பத்துப் புகைப்படங்களையும் பரப்பினான். மூக்கு, காது மடல், புருவம் என்று எல்லாருடைய அம்சங்களையும் பதிந்தான்.

"நாங்க என்ன பல்லியா?" என்றாள் அம்மா.

"முறை ஒண்ணுதான். குறைஞ்ச மாற்றத்துல எல்லாரையும் இணைக்கிற மரம்தான் சரியான மரம்."

மரம் வந்தது. குழந்தை அவன் மாமியார் கிளையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அம்மா சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்ட ஆரம்பித்தாள்.

அவளைச் சமாதானப்படுத்த இன்னும் நிறைய அம்சங்களைச் சேர்த்தான். குழந்தை அந்தக் கிளையை விட்டு அசையவில்லை. அவன்தான் அப்பா, அம்மாவை விட்டு விலகித் தனியாகத் தொங்கினான்.

"இது எல்லாரும் போடற பழைய முறை, அதான் உளறுது" என்று தன் சொந்த முறையை ஓட்டினான். மரத்துக்கு வேர் எங்கே என்று தெரிய, குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வேண்டும். மாடி வீட்டுக்காரரைச் சேர்த்தான்.

இப்போது மாடி வீட்டுக்காரர் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அவன் அவருக்கும் அப்பால் போயிருந்தான்.

"விட்டா உங்களை வீட்டை விட்டே அனுப்பிடும் போல" என்று மனைவி சிரித்தாள்.

அவன் மரத்தை மறுபடி பார்த்தான். ஒரு பிள்ளையைப் பெற்றவர்களோடு சேர்க்கத் தெரியாத கணக்கு, பல்லிகளை மட்டும் எப்படிச் சேர்க்கும்? இத்தனை வருஷ உழைப்பும் பாழ்.

"முறையே தப்பு. ஆய்வேட்டைக் கொடுக்கலன்னு பேராசிரியர்கிட்ட சொல்லிடறேன்" என்று போனை எடுத்தான்.

பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வெளியே வந்தாள்.

"அவசரப்படாதே கண்ணா. கணக்குல ஒண்ணும் தப்பிருக்காது."

"உனக்கென்னம்மா தெரியும்?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இவ்வளவு நேரமும் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, அதை மடித்து வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இப்பவாவது சொல்லிடு. அவன் நாம தத்தெடுத்த பிள்ளைங்கிறதை மறைக்கப் போய், பையன் பட்டத்தைக் கோட்டை விட்டுடப் போறான்."