உள்ளங்கைச் சீனி

கவிதா, தினேஷ், வீட்டுக்கு யாராவது வந்து தேத்தண்ணி குடித்தால் நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் சரசு அத்தை சொல்லும் கதையில் நான் பதுளைக் கூட்டத்தில் மேடையிலிருந்து விழுந்ததாகவும், கோட்டுக்குள் எறும்பு ஏறியதாகவும் வருகிறது. நான் விழவே இல்லை. (எறும்பு உண்மை.) அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

அப்போது தினேஷ் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். நான் தேயிலைத் தோட்டத்தில், பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தராசு பார்க்கிற வேலையில் இருந்தேன். கொழுந்து ஈரமாக இருந்தால் தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிப்பேன். அதற்காகப் பெண்கள் எல்லாரும் தினமும் என்னைத் திட்டுவார்கள். ஓ.எல். வரை படித்தவன், சட்டைப்பையில் எப்போதும் பேனா வைத்திருப்பவன் என்பதால், தோட்டத்துக்கு ஆராய்ச்சிக் குழு வந்தபோது தொரை என்னைத்தான் துணைக்கு அனுப்பினார்.

குழுவுக்குத் தலைவி ஒரு டொக்டர் அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுவார். தோட்டங்களில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, ஏன் கூடுகிறது என்று பார்க்க வந்திருந்தார். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயில் புகை வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போய் என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்பது. அந்தப் பதில்களை வைத்துத்தான் மருந்தோடும் டொக்டரோடும் மாதாமாதம் வரும் நடமாடும் கிளினிக் வண்டி எந்தத் தோட்டங்களுக்குப் போவதென்று மாகாணத்தில் முடிவு செய்வார்களாம்.

அந்த வண்டி நமக்கு வரவேண்டும் என்று எல்லாரையும்விட ஆசைப்பட்டது சரசு அத்தைதான். என் அக்காவுக்கு அப்போதே சீனி வருத்தம். மாதம் ஒரு தடவை முதல் பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, மாத்திரை வாங்கி வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, நாட்சம்பளம் போச்சு. "தம்பி, ஒழுங்கா எழுது. வண்டி நம்ம லயத்து வாசலுக்கு வரணும்" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீடுகளுக்குக் கேள்வித்தாளோடு நான் தனியாகப் போனேன், ஒழுங்காகத்தான் எழுதினேன். "தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவீங்க?" என்பது கேள்வி. முதல் வீட்டில், போடுறதில்லீங்க என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதே பதில். லயத்து வரிசையில் கடைசி வீடு வரைக்கும் அதே பதில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம சனங்கள் எவ்வளவு கட்டுப்பாடு!

இப்போது நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். போன வீடெல்லாம் எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். கூடவே, வழக்கம்போல, இடது உள்ளங்கையில் சீனியும் கொட்டினார்கள். நான் அதை ஒரு நக்கு நக்கி, தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்து, வலது கையால் 'இல்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணம் துளியும் வரவில்லை. தேத்தண்ணிக்குள் யாரும் சீனி போடவில்லையே! கைச்சீனி என்பது நமக்குக் கை மாதிரி. கையை யாராவது கணக்கெடுப்பார்களா?

முடிவைப் பார்த்து டொக்டர் அம்மா ஆச்சரியப்பட்டுப் போனார். விஷயம் எப்படியோ வெளியே போய், வானொலியில் யாரோ ஒருவர் தோட்டத்து மக்களைப் பார்த்துப் பட்டணத்துக்காரர் படிக்க வேண்டும் என்று பேசினார். பஸ்ஸில் தெரியாதவர்கள்கூட என்னிடம் விசாரித்தார்கள். ஹாலிஎலயில் நம் தோட்டத்துக்குச் சாமான் அனுப்பும் கடை முதலாளி மட்டும் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப என் கடையில இருந்து போற சீனி மூட்டையெல்லாம் எறும்புக்கா?" என்று கேட்டார். வியாபாரிக்கு ஆராய்ச்சி எங்கே விளங்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். (விளங்காதது யாருக்கென்று பிறகு தெரிந்தது.)

முடிவைப் பேசப் பதுளையில் கூட்டம் வைத்தார்கள். தோட்டத்தின் சார்பாக நானும் அக்காவும் போனோம். தொழிற்சாலை டீமேக்கரின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். அவர் என்னைவிட இரண்டு மடங்கு அகலம். நான் கோட்டுக்குள் குடியிருந்தேன் என்று சொல்லலாம். என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலா? நான் நாற்பது பேசினேன். எங்கள் மக்கள் சீனியை வென்றவர்கள் என்றேன். எங்கள் லயத்தில் சீனிப் போத்தல் வெறும் அலங்காரம் என்றேன். கைதட்டினார்கள்.

கைதட்டல் முடிந்ததும் மாகாணத்துப் பெரிய டொக்டர் எழுந்தார். சிங்களத்தில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இவ்வளவு நல்ல பழக்கமுள்ள தோட்டத்துக்கு வண்டி அவசரமில்லை, முதலில் பெரகல பக்கம் அனுப்புவோம்.

நான் மெல்ல அக்காவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி இடைவேளை விட்டார்கள். மேசையில் கோப்பைகள், நடுவில் ஒரு கிண்ணம் நிறையச் சீனி. மனசு சரியில்லாதபோது கை தன் பாட்டில் வேலை செய்யும் இல்லையா? என் கை கிண்ணத்திலிருந்து சீனியை அள்ளி இடது உள்ளங்கையில் கொட்டியது. பக்கத்தில் அக்காவும் கொட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நக்கினோம்.

நிமிர்ந்தால் எதிரே டொக்டர் அம்மா.

பதறிப்போய்ச் சீனியோடு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன்.

"நீங்கள் சீனி போடுறேல்லை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஆமாங்க மிஸ். தேத்தண்ணிக்குப் போடுறதில்லீங்க."

"அப்ப அது?"

"இது கைக்குங்க."

அவர் அக்காவின் பக்கம் திரும்பி, உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கென்றல்லவா சொன்னார்கள் என்று கேட்டார். அக்கா கையைக்கூட மறைக்கவில்லை. "ஆஸ்பத்திரியில தேத்தண்ணிக்குச் சீனி போடாதன்னாங்க. அன்னையில இருந்து ஒரு நாளும் போட்டதில்லீங்க" என்றார். எவ்வளவு பணிவான நோயாளி!

யாரோ பெரிய டொக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் முதலில் என் கோட்டுப் பையைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருடைய அம்மாவும் இப்படித்தானாம், ஒரு கையில் கோப்பை, மறு கையில் கருப்பட்டித் துண்டு. அவரும் கரண்டிக் கணக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம், இத்தனை வருடமாக.

டொக்டர் அம்மா என் தோளைத் தட்டினார். "பிழை உங்கட ஆக்களில இல்லை. நாங்கள் கேட்ட கேள்வியில" என்றார். பிறகு ஒரு சின்னத் தராசை என் கையில் கொடுத்து, திரும்பவும் வீடு வீடாகப் போய், கையில் கொட்டுவதை நிறுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறியதும் அக்கா ஆரம்பித்தார். "கொழுந்துல தண்ணிக்குன்னு கழிக்கத் தெரியுது. கண்ணு முன்னால கெடந்த சீனிய நிறுக்கத் தெரியல." பதுளையிலிருந்து தோட்டம் வரைக்கும் அதேதான். முன் ஸீட்டுக்காரர் திரும்பி உட்கார்ந்து கேட்டார். ஹாலிஎல தாண்டும்போது கோட்டுப் பைக்குள் எறும்பு வந்துவிட்டது.

புது நிறுவையோடு வண்டி நமக்கும் வந்தது, பெரகலவுக்கும் போனது. அக்காவுக்கு இப்போது நாட்சம்பளம் போவதில்லை. மாகாணம் முழுக்கக் கேள்வியை மாற்றினார்கள். கிளினிக் சுவரில் உள்ளங்கைப் படம் ஒட்டினார்கள். வானொலியிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். இந்தத் தடவை என்னைப் பஸ்ஸில் யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் பாலில்லாச் சாயத்தண்ணி ஊற்றினால் உங்கம்மா, "கைய அப்பாட்ட நீட்டுங்க, நிறுத்துத் தருவாரு" என்கிறாள். அத்தை கழிவு வேண்டாம் என்று பதில் சொல்கிறார்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்கு மறுநாள் சாயங்காலம், உங்களைக் கூட்டிக்கொண்டு அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் சாயத்தண்ணி ஊற்றி, வழக்கம்போலக் கையில் சீனி கொட்டி, அந்தத் தராசில் போட்டுப் பார்த்தேன். முள் போய் நின்ற இடத்தை யாரிடமும் சொன்னதில்லை. பாதியைத் திரும்பப் போத்தலில் போட்டு மூடினேன். மீதியை நக்கிக் குடித்தேன்.

பிறகு உள்ளங்கையில் ஒட்டியிருந்ததையும் நக்கினேன். அது கணக்கில் வராது.