நூற்று நாற்பத்து மூன்று வயர்களும் சரி

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரு வேலைதான். விமானத்தின் முன்விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கிரான்பர்னில் எங்கள் வீட்டுக் கராஜில் இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றை ஆறு வருடமாகக் கட்டுகிறேன். கார் ஆறு வருடமாக வெயிலில் நிற்கிறது. என் மனுசி அதைப்பற்றி இப்போது கதைப்பதில்லை.

பின்னேரம் இரண்டு மணிக்கு விமானத்தைப் பார்க்கப் பரிசோதகர் வருவார். அவர் கையெழுத்துப் போட்டால் என்ஜினை ஸ்டார்ட் பண்ணலாம். போடாவிட்டால் அவர் திரும்ப வர மூன்று மாதம் ஆகும். எனக்கு எழுபத்தொரு வயது. மூன்று மாதம் எனக்குச் சின்னக் கணக்கில்லை.

எட்டு மணிக்குச் சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரிந்தது. சாமியறையில் எரிகிற மாதிரி மங்கலாக எரிந்தது!

பெட்ரோல் பம்பையும் போட்டேன். பம்ப் முனகியது. விளக்கு அணைந்தது.

பட்டரியை அளந்தேன். குறையில்லை.

எனக்குப் படிப்புக் குறைவு. அதனால் எண்ணிக்கையை விடமாட்டேன். விமானத்தில் 143 வயர். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் ஒட்டிக் கொப்பியிலும் எழுதியிருக்கிறேன். முதலாவதிலிருந்து மீட்டர் பிடித்தேன்.

நாற்பதாவதில் மனுசி எட்டிப் பார்த்தாள்.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் பாருங்கோவன்."

"கதைக்காதையும். எண்ணிக்கை பிழைக்கும்."

பிழைத்தது. திரும்பவும் ஒன்றிலிருந்து.

பன்னிரண்டரைக்கு முடித்தேன். 143 வயரும் சரி. விளக்குத்தான் சரியில்லை.

டான்டினோங்கில் வரதன் என்று ஒரு எலெக்ட்ரீசியன் இருக்கிறான். உதவி கேட்க எனக்குக் கூச்சம். மூன்று தரம் ஃபோன் அடித்து மூன்று தரமும் மணி கேட்டதும் வைத்துவிட்டேன். அவனே திரும்ப எடுத்தான்.

"என்ன அண்ணை, மூண்டு மிஸ்ட் கோல்! அக்கா சுகமோ?"

விஷயத்தைச் சொன்னேன்.

"எர்த் பாத்தனீங்களோ?"

"அது வயர் இல்லை, பட்டி. அதுக்கு நம்பர் போடேல்லை."

"அண்ணை, கரண்ட் என்ன, உங்கட கொப்பியைப் பாத்தோ ஓடுது?"

கரண்ட் பட்டரிக்குத் திரும்பிப் போகிற எர்த் பட்டியின் போல்டைக் கழற்றினேன். கீழே மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் சிவப்பு.

சந்தனம். குங்குமம்.

சரஸ்வதி பூசைக்கு மனுசி என் ஆயுதங்களுக்கும் விமானத்துக்கும் பொட்டு வைத்தாள். எர்த் பூட்டுவதற்காக நான் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்த இடத்திலும் ஒன்று வைத்தாள்.

"துடைக்கட்டோ எண்டு கேட்டனான்," என்றாள் இப்போது. "இருக்கட்டும் எண்டது ஆர்?"

நான்தான். சாமிக்கு வைத்ததை அழிக்க மனம் வரவில்லை. அதன்மேலேயே போல்டை இறுக்கினேன். நன்றாகவே இறுக்கினேன்.

சுரண்டித் தேய்த்துப் பூட்டினேன். ஒன்று ஐம்பது. விளக்கு கண்ணைக் கூச வைத்தது! பம்ப் ஓடியபோதும் அணையவில்லை!

பரிசோதகர் வந்தார். நெடிய வெள்ளைக்காரர். எல்லாச் சுவிட்சையும் போட்டார். மேசையில் நான் சுரண்டிப் போட்ட மஞ்சள் தூளை விரலால் தொட்டார்.

"இது என்ன?" என்று இங்கிலீசில் கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். மனுசி தன் இங்கிலீசில் எல்லாம் சொன்னாள். கேரம் டவுன்ஸ் கோயிலில் எங்கள் காருக்கும் இப்படித்தான் வைத்தது என்பது உட்பட.

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் விளக்கைப் போட்டுப் பார்த்தார். பேப்பரில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனையால் விமானத்தின் மூக்கைத் தட்டிக் காட்டினார்.

"இது ஃபைபர். கரண்ட் போகாத இடம். இனி இங்கே வையுங்கள்."

"பாத்தீங்களோ, அவருக்கு விளங்குது," என்றாள் மனுசி. உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். மூக்கில் ஒன்று வைத்தாள். கையில் மிச்சம் இருந்தது. அவரைப் பார்த்தாள். அந்த நெடிய மனிதர் குனிந்து நெற்றியைக் காட்டினார்.

கையெழுத்து விழுந்தது இரண்டு இருபத்தைந்துக்கு, பொட்டு வைத்தது இரண்டரைக்கு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.